தாழ் அடைப்பான்: அணு உலைக் கலத்தின் வாயடைக்கும் கருவிகளும் அவற்றின் பெயர்களும்

முன்னுரை

சென்னையின் தென்புறத்தே தாம்பரத்தைச் சூழ்ந்துள்ள ஊர்களுட் பலவற்றின் பெயர் ‘பாக்கம்’ என முடிதல் காணலாம். சிட்லபாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், இராஜகீழ்ப்பாக்கம் என்பன அவற்றுட் சில. இவ்வூர்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் ஏரியுடையது. ஏரிக்குக் கரை உண்டு. கரைக்கு மதகு உண்டு. இவற்றிற்குத் தெற்கே, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், சதுரங்கப்பட்டினத்தை அடுத்த கடற்கரையில் மற்றுமொரு பாக்கம் இருக்கின்றது. அது கல்பாக்கம். அங்கே நிற்பவை அணு உலைகள். ஏரிக்கும் உலைக்கும் என்ன தொடர்பு என்று வினவுவார் உளர். தேக்கி வைக்கப்பெற்ற நீர்மத்தை வேண்டும்போது திறத்தலும் வேண்டாதபோது அடைத்தலும் ஆகிய தொழில் இரண்டிடத்தும் ஒன்றே என்பது எம் விடை. இவ்வொப்புமை சொல்லாராய்ச்சிக்கு எங்ஙனம் துணை செய்கின்றது என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு யாம் புகுந்ததற்கு ஒரு சிறு நிகழ்ச்சியே காரணம். எம்மிடம் பயிலும் முதுகலை மாணவர் ஒருவர் அணு உலை பற்றிய கட்டுரை ஒன்றனைத் தமிழாக்கிக் கொணர்ந்தார். ‘பிளக்’ என்னும் ஆங்கிலச் சொல் வந்த இடமெல்லாம் ‘அடைப்பான்’ என்றே எழுதியிருந்தார். ஒரு தொடரில் அடைப்பான் நீரை ஒரு துளியும் வெளிவிடாது தடுக்கின்றது. அடுத்த தொடரில் அடைப்பானைக் கடந்து நீர் பாய்கின்றது. பிறிதொரு பக்கத்தில் அடைப்பான் சுழல்கின்றது. படிப்பவர் என்ன பொருள் கொள்வர்? மாணவர்மீது குற்றம் இல்லை. ஆங்கிலம் ஒரே பெயரால் சுட்டும் பொருள்கள் உண்மையில் பல. அவை செய்யும் தொழிலும் வேறு வேறு. மூலத்தில் சொல் ஒன்று என்பதுபற்றித் தமிழிலும் சொல் ஒன்றே வேண்டும் என்று கொள்வது தவறு என்பது எம் கருத்து. பொருளின் தொழிலை அறிந்த பின்னரே பெயரிடுதல் வேண்டும். ஆதலின் முதற்கண் இக்கருவிகளின் அமைப்பையும் பின்னர்ப் பெயரையும் ஆராய்வோம்.

ஏரியின் அடைப்பு

நாம் நன்கு அறிந்த ஏரித் தூம்பிலிருந்து தொடங்குதல் நலம். தூம்பு என்பது உள்துளையுடைய பொருளின் பொதுப்பெயர். மலைபடுகடாத்தில் அஃது ஓர் இசைக்கருவியின் பெயராக வருகின்றது. ஏரிக்கரையின் அடியில் நீர் செல்லுமாறு அமைத்த துளைவழியும் அப்பெயரே பெற்றது. பழைய கல்வெட்டுக்களிலும் தூம்பு பயின்று வரும் சொல்லாகும். உத்தரமேரூரில் ஏரியைக் காக்கவென்றே ‘ஏரி வாரியம்’ ஒன்று இயங்கியதை முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுக்கள் கூறுகின்றன. எனவே நீரைத் தேக்கும் கலத்தின் வாயைக் காத்தல் இத்தொண்டை நாட்டில் ஊர்ப்பொதுத் தொழிலாகவே கருதப்பட்டது எனலாம்.

குமிழித் தூம்பின் அமைப்பு எளிது. கரையின் உட்புறத்தே, நீர்க்குள், கற்றூண்கள் இரண்டு நிற்கும். அவற்றை இணைக்கும் குறுக்குக் கற்களில் துளையிட்டு, அத்துளை வழியே ஒரு நெடுங்கோலைச் செலுத்தியிருப்பர். கோலின் அடியில் கூம்பு வடிவான அடைப்பு ஒன்று இருக்கும். தூம்பின் மேற்கல்லில் உள்ள வட்டத் துளையில் அக்கூம்பு சென்று பொருந்தும். நீர்க்கட்டி என்றும் மடையர் என்றும் கம்புகட்டி என்றும் இடத்திற்கேற்பப் பெயர் பெறும் ஊழியர் கோலை உயர்த்தின் நீர் பாயும், தாழ்த்தின் நிற்கும்.

இங்கே நோக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. அடைப்பு, நீர் நிற்கும் பக்கத்தில் இருக்கின்றது. ஆதலின் மேலே நிற்கும் நீரின் எடை அதனைத் துளைக்குள் அழுத்துகின்றது. ஏரி நிறைய நிறைய அடைப்பும் இறுகுகின்றது. 3 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 300 கிராம். துளையின் விட்டம் 15 சென்டிமீட்டர் எனக் கொள்ளின், அடைப்பின்மீது 50 கிலோகிராமிற்குச் சற்று மிகுந்த எடை ஏறியிருக்கும். திறப்பவர் அவ்வெடையை வெல்ல வேண்டும். அடைப்பவர்க்கோ நீரே துணை. தாழும் பூட்டும் இங்கே வேண்டுவதில்லை. இதனை நினைவிற் கொண்டு கல்பாக்கத்திற்குச் செல்வோம்.

கனநீர் உலையின் வாய்கள்

கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983ஆம் ஆண்டு சூலையிலும், இரண்டாம் உலை 1985ஆம் ஆண்டு ஆகஸ்டிலும் தொடர்வினை எய்தின. இரண்டும் கனநீரால் குளிர்விக்கப்பெறும் உலைகளாக அமைக்கப்பட்டவை. கலாண்ட்ரியா என்னும் பெரிய உருளைக் கலம் ஒன்று கிடைநிலையில் வைக்கப்பட்டிருக்கும். அதன் ஒரு முகத்திலிருந்து மறு முகம் வரை 306 குழாய்கள் ஊடுருவிச் செல்லும். ஒவ்வொரு குழாயினுள்ளும் எரிபொருட் கட்டுக்கள் வரிசையாகக் கிடக்கும். அவற்றைத் தழுவிக் கனநீர் விரைந்து பாய்ந்து வெப்பத்தை எடுத்துச் செல்லும். இக்குழாய்களைக் குளிர்விப்புத் தூம்புகள் என்று குறிப்போம். பழஞ்சொல்லாகிய தூம்பு இங்கே முற்றும் பொருந்துகின்றது.

ஒவ்வொரு தூம்பிற்கும் வாய் இரண்டு. எனவே ஓர் உலைக்கு 612 வாய்கள் ஆகின்றன. இத்துணை வாய்களை ஏன் வைத்தனர் என்னும் ஐயம் எழலாம். இவ்வகை உலையின் சிறப்பே அதில்தான் அடங்கியுள்ளது. உலை இயங்கிக்கொண்டிருக்கும்போதே பழைய எரிபொருளை வாங்கிப் புதியதை இடுதல் இயலும். எரிபொருள் இடும் பொறிகள் இரண்டு, ஒரே தூம்பின் இரு வாய்களிலும் எதிரெதிரே வந்து பொருந்தும். அவை தம்முள்ளும் தூம்பிற்கு ஒத்த அழுத்தத்தை உண்டாக்கிக்கொண்டு, வாயடைப்பைக் கழற்றித் தம் வயிற்றில் வாங்கி வைக்கும். பின்னர் ஒரு பொறி புதிய கட்டுக்களை உள்ளே தள்ள, மற்றது பழையவற்றை ஏற்கும். பணி முடிந்ததும் அடைப்பைத் திரும்பப் பொருத்திக் கசிவு உண்டோ என்று சோதித்த பிறகே பொறிகள் அகலும். முழு ஆற்றலுடன் இயங்கும் உலையில் ஏறத்தாழ நாளொன்றுக்கு ஒரு தூம்பேனும் இங்ஙனம் திறந்து மூடப்படும். ஏரியின் மதகும் இத்துணை ஒழுங்காகத் திறக்கப்படுவதில்லை.

வெளித்தள்ளும் விசை

ஏரி அடைப்பிற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இப்போது புலனாகும். இங்கே அடைப்பு வெளியிலிருந்து செருகப்படுகின்றது. கனநீர் உட்புறத்தே இருக்கின்றது. ஆகவே நீரின் அழுத்தம் அடைப்பை இருக்கையில் அழுத்துவதில்லை. இருக்கையிலிருந்து வெளியே தள்ளுகின்றது. ஏரியில் துணையாக இருந்த விசை இங்கே பகையாகின்றது.

அவ்விசையின் அளவையும் காண்போம். இவ்வுலைகளில் கனநீர் வெளிச்செல்லும்போது ஏறத்தாழ 293 பாகை செல்சியசு வெப்பநிலையில் இருக்கும். அவ்வெப்பத்திலும் அது கொதித்து ஆவியாகிவிடாமல் இருத்தற்பொருட்டு, வளிமண்டல அழுத்தத்தைப் போல 80 மடங்கிற்கும் மேற்பட்ட அழுத்தத்தில் வைக்கப்படுகின்றது. குழாயின் உள்விட்டம் 8 சென்டிமீட்டருக்குச் சிறிது மிகுதி. அதன் வாய்ப்பரப்பு 50 சதுர சென்டிமீட்டருக்கு மேற்பட்டது. பெருக்கிப் பார்ப்பின், உள்ளங்கையால் மறைக்கத்தக்க ஒரு வாயின்மீது 4 டன்னிற்குக் குறையாத விசை ஓயாது மோதிக்கொண்டிருக்கின்றது. வெறுந்தக்கை இதனைத் தாங்காது. இறுகச் செருகிய ஆப்பும் நாளடைவில் பின்வாங்கும். அப்படியாயின் இவ்வடைப்பு எதனால் நிற்கின்றது?

வீட்டுக் கதவைத் தாழிடும் முறையால் நிற்கின்றது. தூம்பின் முனைப்பகுதியின் உட்சுவரில் சுற்றிலும் ஒரு வரிப்பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். அடைப்பின் உடலில் வெளிநோக்கி விரியும் தாடைகள் இருக்கும். அடைப்பு உள்ளே சென்றபின், எரிபொருட் பொறியின் கோல் நடுவே அழுத்த, தாடைகள் விரிந்து பள்ளத்திற் புகுந்து நிற்கும். கதவின் தாழ் நிலையின் துளையிற் புகுவதை இஃது ஒக்கும். தள்ளும் விசை முழுவதையும் பள்ளத்தின் விளிம்பு ஏற்றுக்கொள்கின்றது. தாடைகள் தாமே சுருங்காதவாறு காக்கும் பூட்டமைப்பும் உடன் உண்டு. வண்டிச் சக்கரம் அச்சிலிருந்து கழன்றோடாமல் கடையாணி காப்பதுபோல, அடைப்புக் கழன்றோடாமல் இவை காக்கின்றன.

ஆயினும் தாழ் கதவைக் காக்குமேயன்றிக் கதவிடுக்கின் வழி வரும் காற்றைத் தடுக்காது. நீர்க்கசிவைத் தடுக்கும் தொழில் வேறோர் உறுப்பினுடையது. அடைப்பின் உள்முனையில் மெல்லிய, வளைந்துகொடுக்கும் உலோகத் தட்டு ஒன்று உள்ளது. தூம்பின் உட்புறத்தே மெருகிட்டு வைத்த ஒரு படிமுகத்தின்மீது அத்தட்டின் விளிம்பு அழுந்திப் பொருந்துகின்றது. தட்டின்மேல் நிக்கல் பூசுவர். மென்மையான பூச்சு முகத்தின் நுண்ணிய மேடுபள்ளங்களை நிரவிக்கொள்ளும். ஆகவே ஒரே கருவியில் இரண்டு தொழில்கள் நிகழ்கின்றன: தாடை விசையைத் தாங்குகின்றது, தட்டுக் கசிவை மறுக்கின்றது. தாடை தளர்ந்தால் தட்டினால் பயனில்லை. தட்டிற் கீறல் விழுந்தால் தாடை இருந்தும் நீர் கசியும். ‘அடைப்பான்’ என்னும் தனிச்சொல் இவ்விரண்டனுள் பின்னதை மட்டுமே உணர்த்தும். முன்னதையும் உணர்த்தவேண்டின் ‘தாழ் அடைப்பான்’ என்றல் பொருத்தமாகும்.

இத்தொடர் புதிதாயினும் அதன் உறுப்புக்கள் புதியன அல்ல. திருவள்ளுவர் அன்புடைமை அதிகாரத்தின் முதற் குறளில் தாழ் என்னும் பெயரை அடைத்தல் என்னும் வினையோடு சேர்த்தே ஆளுகின்றார். உள்ளிருந்து பொங்கி வெளிவரும் ஒன்றைத் தடுப்பதே அங்கும் கருத்து என்பதை அறிஞர் நினைவு கூர்வர்.

அடைப்பு இடம் பெயரின்

இத்தொழில் பிழைபட்டால் விளைவது யாது என்பதற்குக் கல்பாக்கத்திலேயே சான்று உள்ளது. 1999ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள், இரண்டாம் உலையில் குளிர்விப்புத் தூம்புகளை ஆய்வு செய்யும் பணி நடைபெற்றபோது, ஒரு தூம்பின் வாயில் இருந்த அடைப்பு தன் இடத்தினின்றும் பெயர்ந்தது, கனநீர் வெளிப்பட்டது. உலையிற் பயன்பட்ட கனநீரில் டிரிட்டியம் என்னும் கதிரியக்க நீரியம் கலந்திருக்கும். அந்நீரின் ஆவியை மூச்சில் வாங்கினும் தோலின்வழி ஏற்பினும் அஃது உடலிற் கலக்கும். எனவே சிந்திய நீரைத் திரட்டப் புகுவாரும் கதிரேற்பிற்கு உள்ளாகின்றனர்.

‘அடைப்பான் கசிந்தது’ என்பதும் ‘அடைப்பான் பெயர்ந்தது’ என்பதும் ஒன்றல்ல என்பதை இந்நிகழ்ச்சி கொண்டு உணரலாம். கசிந்தது எனின் தட்டின் குறை. பெயர்ந்தது எனின் தாழின் குறை. முன்னதற்கு மருந்து மெருகும் பூச்சும். பின்னதற்கு மருந்து பூட்டும் சோதனையும். உலைப்பணிக்குச் செல்லும் தொழிலாளருள் தமிழ் மட்டுமே நன்கு படிக்க வல்லாரும் இருத்தல் கூடும். அவர்க்கு எழுதும் அறிவிப்பில் இவ்வேறுபாடு மறைந்துவிட்டால், அதனால் வரும் தீங்கு சொற்குற்றத்தோடு நின்றுவிடாது. கலைச்சொல்லாக்கத்தைப் புலவர் பொழுதுபோக்கு என எண்ணுவார் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

அடையாத ‘பிளக்’

எம் மாணவரை மருட்டிய இரண்டாம் கருவியை இனிக் காண்போம். தாழ் அடைப்பானுக்கு உட்புறமாக, அதற்கும் எரிபொருட் கட்டுக்களுக்கும் இடையே, எஃகினாலான நீண்ட உருளை ஒன்று ஒவ்வொரு முனையிலும் கிடக்கின்றது. ஆங்கிலத்தார் இதனை ‘ஷீல்டு பிளக்’ என்பர். எரிபொருளிலிருந்து எழும் கதிர்கள் தூம்பின் வழியே நேராக வெளியே பாயாதவாறு தடுத்தல் இதன் முதற்றொழில். எரிபொருள் வரிசையை அதன் இடத்தில் நிறுத்திவைத்தல் இரண்டாம் தொழில். நீரைத் தடுத்தல் இதன் தொழிலன்று. மாறாக, கனநீர் இதனைக் கடந்தே எரிபொருளை அடைதல் வேண்டும். கடந்தே வெளியேறுதலும் வேண்டும்.

எனவே இதனை அடைப்பான் என்னும் பெயரால் சுட்டுதல் பிழை. கதிர்க்கு மறைப்பு, நீர்க்கு வழி என்னும் இரண்டும் தோன்றுமாறு ‘கதிர்க்காப்பு உருளை’ என்று வழங்கலாம். வாசற்படிக்கு எதிரே வெளியார் பார்வை நேரே உட்செல்லாதபடி ஒரு மறைப்புச் சுவர் எழுப்புவதுண்டு. ஆட்கள் அதனைச் சுற்றி உள்ளே வரலாம். பார்வை மட்டும் நேரே வாராது. இவ்வுருளையின் தொழிலும் அத்தகையதே.

சுழலும் மூடி

கல்பாக்கத்திலேயே வேறுவகை உலைகளும் உள்ளன. 1971ஆம் ஆண்டில் அங்கே தொடங்கப்பெற்ற உலை ஆராய்ச்சி நிலையம் 1985ஆம் ஆண்டு முதல் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் என்று பெயர் பெற்றுள்ளது. அங்குள்ள வேகப்பெருக்கச் சோதனை உலை 1985ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் தொடர்வினை எய்தியது. 500 மெகாவாட்டு மின்னாற்றலுக்கென அமைக்கப்பெற்ற முன்மாதிரி உலையின் கட்டுமானம் 2004ஆம் ஆண்டு தொடங்கியது. 2024ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அதன் கருவகத்தை நிரப்பும் பணி தொடங்கப்பெற்றது. இவ்விருவகை உலைகளிலும் வெப்பத்தை எடுத்துச் செல்வது நீர் அன்று. உருகிய சோடியம் ஆகும்.

சோடியம் காற்றுப்படின் எரியும். நீர்படின் கடுமையாக வினைபுரியும். ஆயினும் வளிமண்டல அழுத்தத்திலேயே ஏறத்தாழ 880 பாகை வரை அது கொதிப்பதில்லை. ஆதலின் இங்கே உள்ளிருந்து தள்ளும் பெருவிசை இல்லை. இடர் வேறு திசையில் நிற்கின்றது. சோடியத்தின்மேல் ஆர்கான் என்னும் வினைபுரியா வளி நிரப்பப்பட்டிருக்கும். அவ்வளி வெளியேறலாகாது, அதனினும் முதன்மையாக, வெளிக்காற்று உட்புகலாகாது.

கலத்தின் மேல்வாயை மூடுவன, ஒன்றனுள் ஒன்றாக அமைந்த பெரியதும் சிறியதுமாகிய இரு வட்ட உறுப்புக்கள். சிறியது பெரியதன் நடுவிலன்றி ஒருபுறமாக விலகி அமைந்திருக்கும். பெரியதைச் சிறிது சுழற்றிப் பின் சிறியதையும் சுழற்றினால், சிறியதனோடு இணைந்த எரிபொருட் கையைக் கருவகத்தின் எவ்விடத்திற்கு நேராகவும் கொண்டு நிறுத்தலாம். மூடியைத் திறவாமலே உள்ளே எவ்விடத்தையும் தொடுதற்குக் கண்ட வழி இது. திரிகையின் மேற்கல்லில் ஓரமாகத் துளையிட்டு, அத்துளையில் ஒரு சிறு கல்லைச் சுழலுமாறு பொருத்தியதாக எண்ணிக்கொண்டால் அமைப்பு விளங்கும். கனநீர் உலையில் எரிபொருள் மாற்றம் உலை இயங்கும்போதே நிகழும்; இங்கோ உலையை நிறுத்திய பின்னரே மூடிகள் சுழற்றப்படும்.

சுழலவேண்டுமாயின் இடைவெளி வேண்டும். வளி செல்லாதிருக்க வேண்டுமாயின் இடைவெளி கூடாது. இம்முரண்பாட்டைத் தீர்ப்பதே இக்கருவியின் அருமை. முன்மாதிரி உலையில் இவ்விடைவெளியைக் காக்க, காற்றடைத்துப் பருக்கச் செய்யும் இரப்பர் வகை வளையங்களை அமைத்துள்ளனர். மிதிவண்டியின் உட்குழாய் காற்றேறப் பருத்து வெளிச்சக்கரத்தோடு ஒட்டிக்கொள்வது போன்றது இது.

அடைப்பது மட்டுமின்றிச் சுழல்வதும் தொழிலாகும்போது பிழைக்கும் புதிய வாயில் திறக்கின்றது. 1987ஆம் ஆண்டில் சோதனை உலையில் எரிபொருளை இடம் மாற்றுகையில், எரிபொருள் உறுப்பு ஒன்றின் அடி கருவகத்துள் நீட்டிக்கொண்டிருந்தபோதே மேல்மூடி சுழற்றப்பட்டது. உறுப்புக்கள் வளைந்தன, உலை மீண்டும் இயங்க 1989ஆம் ஆண்டு ஆயிற்று. இங்கே கசிவும் இல்லை, பெயர்வும் இல்லை. மூடி, காலமல்லாக் காலத்தில் சுழன்றதே குறை. ஆகவே இதற்குச் ‘சுழல் மூடி’ என்பதே ஏற்ற பெயர். மேலிருந்து கவிந்து வாயை மறைப்பது மூடி. துளைக்குள் புகுந்து நிற்பது அடைப்பு. பானைக்கும் புட்டிக்கும் தமிழர் இல்லங்களில் இவ்வேறுபாடு என்றும் வழக்கில் உள்ளதே.

விரிந்து பற்றும் தக்கை

இறுதியாக, பழுது பார்க்கும் காலத்தில் மட்டும் இடப்படும் தற்காலிக அடைப்புக்கள் உள. இவற்றைக் காணக் கல்பாக்கத்தை விட்டுச் சாதாரண நீராற் குளிர்விக்கப்பெறும் உலைகளை நோக்குதல் வேண்டும். தாராப்பூரில் 1969ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியவை அவ்வகையின. உலகில் மிகப் பலவும் இவ்வகையினவே. இவற்றில் எரிபொருள் மாற்றும்போது உலைக்கலத்தின் மேல்மூடியை அகற்றி, அதன்மேல் உள்ள பெருந்தொட்டியை நீரால் நிரப்புவர். நீரே கதிர்களைத் தடுக்கும் திரை. அதே வேளையில் கலத்தோடு இணைந்த பெருங்குழாய்களிலும் நீராவிக் கலங்களிலும் நீரை வடித்துவிட்டுப் பழுது பார்க்க வேண்டியிருக்கும். கலத்தில் நீர் நிற்க வேண்டும், குழாயில் நிற்கலாகாது. ஆகவே குழாய் வாய்களில் தக்கையிடுவர்.

அத்தக்கைகளுள் ஒருவகை பின்வருமாறு அமையும். இரு உலோகத் தட்டுக்களின் இடையே இரப்பர் வளையம் ஒன்று இருக்கும். நடுத்திருகை முறுக்கத் தட்டுக்கள் நெருங்கும். நடுவில் அகப்பட்ட வளையம் பக்கவாட்டிற் பிதுங்கிக் குழாயின் உட்சுவரைப் பற்றிக்கொள்ளும். புதுக்குழாய் பதித்தபின் நீரேற்றிச் சோதிப்பதற்குக் குழாய்த் தொழிலாளர் இடும் அடைப்பும் இம்முறையினதே. கலத்தின் உட்புறமிருந்து இடும்போது தொட்டி நீரின் எடையே அதனை வாய்க்குள் அழுத்தும். இங்கே நாம் மீண்டும் ஏரித் தூம்பின் குமிழிக்கே திரும்பிவிட்டோம். விரிந்து பற்றுதல் இதன் தன்மையாதலின் ‘விரிதக்கை’ என்னும் பெயர் தகும்.

காற்றடைத்த காப்புக்களையோ இரப்பரின் பிடிப்பையோ மட்டும் நம்புதல் ஆகாது என்பதற்கு அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்று எடுத்துக்காட்டு. 1984ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் கனெக்டிகட் மாநிலத்து ஹாடம் நெக் உலையில், கலத்திற்கும் தொட்டிச் சுவருக்கும் இடையே இட்டிருந்த காப்பு வளையம் நிலைதவறியது. ஏறத்தாழ 2,00,000 கேலன் நீர் 20 நிமிடங்களுள் வடிந்துபோயிற்று. அவ்வேளை எரிபொருள் எதுவும் தொட்டியில் இடம் மாற்றப்படவில்லை; ஆதலின் பெருந்தீங்கு நேரவில்லை. தற்காலிகம் என்னும் சொல் காலத்தைக் குறிப்பதேயன்றிக் கவனத்தைக் குறைத்துக்கொள்ள உரிமை தருவதன்று.

பெயரிடும் நெறி

இதுகாறும் கூறியவற்றால் நான்கு கருவிகள் நான்கு வினாக்களால் வேறுபடுதல் பெறப்படும். எதனைத் தடுக்கின்றது? விசை எப்பக்கத்திலிருந்து வருகின்றது? எதனால் நிற்கின்றது? எப்போது அசைகின்றது? தாழ் அடைப்பான் உள்ளிருந்து வரும் நீரழுத்தத்தைத் தடுக்கின்றது, தாடையால் நிற்கின்றது. கதிர்க்காப்பு உருளை கதிரைத் தடுத்து நீரை விடுகின்றது. சுழல் மூடி வளியைக் காக்கின்றது. தன் எடையோடு கலத்தின்மேல் அமர்ந்து, உலை நின்றபின் சுழல்கின்றது. விரிதக்கை நீரைச் சிறிது காலம் தடுக்கின்றது. விரிந்து பற்றி நிற்கின்றது.

அடைப்பான் என்பதற்கு மறுப்புக் கூறுவாரும் உளர். கால்நடைகளுக்கு வரும் கொடுநோய் ஒன்றும் அப்பெயர் பெறுவதால் மயக்கம் நேரும் என்பர். ஒரு சொல் பல பொருட்கு உரியதாதல் தமிழிற்குப் புதிதன்று. அடைமொழி கொடுத்தால் மயக்கம் தீரும். ‘பிளக்’ என்றே எழுதிவிடலாமே என்பாரும் உளர். கடன் சொல்லை யாம் முற்றும் விலக்குவேம் அல்லேம். சோடியத்தையும் ஆர்கானையும் டிரிட்டியத்தையும் அவ்வாறே ஏற்றுக்கொண்டோம். அவை ஒவ்வொன்றும் ஒரு பொருளையே சுட்டுவன. ‘பிளக்’ என்பதோ நம் இல்லங்களில் மின்கம்பியின் முனையாய் வழங்கிவிட்டது. அதனை உலைக்குள்ளும் கொண்டுபோய்ச் செருகுவதால் தெளிவு பிறவாது.

1916ஆம் ஆண்டில் சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியற் சொற்களுக்கெனத் தமிழ்ச் சங்கம் ஒன்று கண்ட காலந்தொட்டு இத்துறையில் அறிஞர் பலர் உழைத்துள்ளனர். தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட கலைக்களஞ்சியமும் அவ்வுழைப்பின் பயனே. அவர்தம் நெறியை ஒட்டி யாம் கூறுவது ஒன்றே. கலைச்சொல் ஆக்குவார் அகராதியைப் புரட்டுமுன் கருவியின் முன் சென்று நிற்றல் வேண்டும். பின்னர் அத்தொழிலையே வேறோரிடத்திற் செய்துவரும் மக்களின் வாயைக் கேட்டல் வேண்டும்.

முடிவுரை

அம்மக்கள் வழக்கும் நெடுங்காலம் நிலைக்கும் என்று உறுதி கூறுதற்கில்லை. தாம்பரத்தைச் சூழ்ந்த ஏரிகளைச் சுற்றி இன்று வயல்கள் அருகி வீடுகள் பெருகிவிட்டன. பாசனம் நின்ற இடத்தில் மதகைத் திறக்கும் தொழிலும் நின்றுவிடும். தொழில் நிற்பின் குமிழி, தூம்பு, நீர்க்கட்டி என்னும் சொற்களும் கல்வெட்டுக்களுக்கும் அகராதிகளுக்கும் திரும்பிவிடும். அச்சொற்களை அறிந்த முதியோர் இன்னும் அவ்வூர்களில் உள்ளனர். முதுகலை மாணவர்கள் அவரிடம் சென்று, மதகின் உறுப்புக்கள் ஒவ்வொன்றின் பெயரையும் அதன் தொழிலையும் கேட்டுக் குறித்து வருவாராயின், அஃது ஊர்வரலாற்றிற்கு மட்டுமன்றிப் பொறியியற் கலைச்சொற்களுக்கும் பெருந்துணையாகும்.

ஈண்டு யாம் முன்வைத்த நான்கு பெயர்களும் முடிந்த முடிபுகள் அல்ல. இவற்றினும் செவ்வியன கிடைப்பின் இவை விலகி வழிவிடத் தக்கனவே. ஆயின், நீரைத் தடுப்பதற்கும் நீரை விடுவதற்கும் ஒரே பெயரை எழுதும் வழக்கம் மட்டும் இனி நம் துறையினின்று வெளிவருதல் கூடாது என்பது எம் துணிபு.